நட்சத்திரத்துக்குள் குடிவந்தவர்கள்

"ஏட்டி, இதுக்குள்ள ஆள் இருக்கு!"

ஸ்டூலின் மேல் நின்றபடி என் வீட்டுக்காரர் சூசை கத்தினார். ஒரு கையில் கத்தி. இன்னொரு கை, போர்ட்டிகோவில் தொங்கிய கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் மேல். ஜனவரி முதல் வாரத்தில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததுமே கழற்றியிருக்க வேண்டிய நட்சத்திரம் அது. நாளைக்கு, நாளைக்கு என்று அவர் தள்ளிப்போட்டதில் மாதம் ஒன்று ஓடிப்போயிருந்தது. அன்று காலை நான் போட்ட சத்தத்தில்தான் மனிதர் ஸ்டூலைத் தேடி எடுத்திருந்தார்.

சாளை மீன் கழுவிக்கொண்டிருந்த கையோடு அடுக்களையிலிருந்து ஓடிவந்தேன்.

"ஆளா? எந்த ஆளு?"

அவர் வாயைத் திறப்பதற்குள் நட்சத்திரத்தின் கிழிந்த முனையிலிருந்து ஓர் அடைக்கலாங்குருவி விருட்டென்று பாய்ந்து, அவர் மூக்கை உரசிக்கொண்டு போயிற்று. அவர் தூணைக் கட்டிப்பிடித்தார். கத்தி கீழே விழுந்தது. நான் முதலில் கத்தி எங்கே விழுந்தது என்றுதான் பார்த்தேன். காலமெல்லாம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவளின் புத்தி அது. தையல் போட வேண்டிய இடம் எதுவுமில்லை என்று தெரிந்த பிறகுதான் நிமிர்ந்து குருவியைப் பார்த்தேன்.

அது எதிரே மின்சாரக் கம்பியில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் திட்டிக்கொண்டிருந்தது.

செல்போனின் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தோம். பல்பைச் சுற்றி வைக்கோல் திணித்து அருமையாக ஒரு கூடு. அதில் புள்ளி விழுந்த முட்டைகள். வைக்கோல் எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிறிஸ்துமஸ் குடிலைப் பிரித்த அன்று, குழந்தை இயேசுவின் அடியில் விரித்திருந்த வைக்கோலைக் கிணற்றடியில் கொட்டியது நான்தான்.

"கரண்ட புடுங்குங்க முதல்ல," என்றேன். அவர் ஸ்டூலிலிருந்து இறங்கி, பிளக்கைப் பிடுங்கிய கையோடு நட்சத்திரத்தைக் கழற்றும் வேலையையும் சந்தோஷமாகக் கைவிட்டார்.

பறவை என்றால் திருடன்

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் குருவிக்காக நான் எத்தனையோ நாளாகத் தவம் கிடந்தேன்.

நான் பிறந்தது இனயம் கடற்கரையில். அங்கே பறவைக்குச் சோறு வைக்கிற வழக்கமெல்லாம் எங்களுக்குக் கிடையாது. பறவையை விரட்டுவதுதான் வழக்கம். நெத்திலி காயும்போது கையில் கம்போடு காவல் உட்கார வைப்பார்கள். கண் அசந்தால் காக்கை ஒன்றைத் தூக்கிவிடும். பிறகு அம்மாவிடம் யார் பேச்சு வாங்குவது? சின்ன வயதில் எனக்குப் பறவை என்றால் திருடன், அவ்வளவுதான்.

அந்த எண்ணம் மாறியது வளைகுடாவில். ஆஸ்பத்திரி விடுதியின் ஐந்தாம் மாடியில் என் அறை. ஜன்னலுக்கு வெளியே ஏ.சி. பெட்டி. நைட் டியூட்டி முடிந்து வந்து திரையை விலக்கினால், அந்தப் பெட்டியின் மேல் ஒரு கொண்டைக்குருவி உட்கார்ந்திருக்கும். குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்து வைத்தேன். தின்றது. மறுநாளும் வந்தது. கொஞ்ச காலத்தில் வாய் பிளந்த குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு வந்து, என் கண்ணெதிரே ஊட்டியது.

என் மகள் அப்போது ஊரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் போனில் அவள் குரலைக் கேட்பேன். மற்ற நாட்களில் அந்தக் கொண்டைக்குருவியிடம்தான் பேசினேன். அழுததும் அதன் முன்னால்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஓய்வு பெற்று, கடியப்பட்டணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் புகுந்த வீட்டுக்குத் திரும்பியபோது ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. என் தோட்டத்தில் ஒரு குருவி கூடு கட்ட வேண்டும். அது குஞ்சுக்கு ஊட்டுவதை நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

காக்கைகளுக்கு விருந்து

ஆசைப்பட்டால் போதுமா? குருவிக்கும் மனது வர வேண்டுமே.

முதலில் ஆன்லைனில் ஒரு தீனிக்கூண்டு வாங்கினேன். பச்சைப் பிளாஸ்டிக். படத்தில் அதைச் சுற்றி நீலமும் மஞ்சளுமாக என்னென்னவோ பறவைகள். சூரியகாந்தி விதை நிரப்பி மாமரத்தில் கட்டினேன். அணில் வந்தது. அதன் அண்ணன் தம்பிகள் எல்லாம் வந்தார்கள். இரண்டே நாளில் விதை காலி.

"இது வெளிநாட்டுக் குருவிக்க பாத்திரமாக்கும். நம்ம ஊரு குருவிக்கு இதுல தின்ன நாணம்," என்றார் சூசை.

சோறு வைத்துப் பார்த்தேன். மீன் சந்தையில் தொழில் பார்க்கும் காக்கைகள் மொத்தமும் எங்கள் வீட்டுக்கு இடம் மாறின. மண்சட்டியில் தண்ணீர் வைத்தேன். ஒரு காக்கை எங்கிருந்தோ சாளைத் தலையைக் கொண்டுவந்து அந்தத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுப் போயிற்று. சாயங்காலம் திரும்பி வந்து, பதமாக ஊறியிருந்ததை எடுத்துத் தின்றது. சட்டியைக் கழுவிக் கழுவி எனக்குக் கை ஓய்ந்தது.

ஓட்டை போட்ட மண்கலயங்களைத் தென்னையில் கட்டினேன். ஒன்றில் எறும்பு. இன்னொன்றில் ஓணான். தோவாளைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், அங்கிருந்து தெற்றிப்பூச் செடியும் செம்பருத்தியும் வாங்கிவந்து நட்டேன். தேன்சிட்டு வந்தது. பூவில் வாயை வைத்தது, குடித்தது, போயிற்று. உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியில் அடைக்கலாங்குருவிகளை வரவழைத்தது என் கெட்டிக்காரத்தனம் அல்ல. ரேஷன் அரிசியைச் சுளவில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் குருணை சிந்தியது. கம்பியிலிருந்து ஒன்று இறங்கியது, அப்புறம் இன்னொன்று. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு புடைத்தேன். அன்றிலிருந்து தினமும் காலையில், புடைக்க அரிசி இருக்கிறதோ இல்லையோ, முற்றத்தில் ஒரு கை குருணை. கொஞ்சம் தினையும்.

வந்தார்கள், தின்றார்கள். கூடு கட்ட மட்டும் என் கலயங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மழையில் முனை கிழிந்த காகித நட்சத்திரம்தான் அவர்களுக்குப் பிடித்திருந்தது. நான் என்ன செய்ய?

புழுவுக்கு வந்த மரியாதை

முட்டை பொரிந்தது. உள்ளேயிருந்து மெல்லிய கீச்சொலி கேட்கத் தொடங்கியதும் எனக்குள் இருந்த நர்ஸ் விழித்துக்கொண்டாள். சோற்றை மையக் குழைத்து, போர்ட்டிகோ விளிம்பில் சின்னச் சின்ன உருண்டைகளாக வைத்தேன். தாய்க்குருவி அதைப் பார்த்தது. தாண்டிப் போயிற்று.

கவனித்துப் பார்த்த பிறகு புரிந்தது. குருணையெல்லாம் பெரியவர்களுக்கு. குஞ்சுக்குப் புழுதான் வேண்டும். ஆணுக்குத் தொண்டையில் கறுப்பு இருக்கும், அதனால் அடையாளம் தெரியும். ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பறக்கின்றன. ஆனால் எங்கள் தோட்டத்தில் இறங்காமல் சுவரைத் தாண்டி எங்கோ தொலைவுக்குப் போய்த்தான் புழு கொண்டுவருகின்றன.

எங்கள் தோட்டத்தில் ஏன் புழு இல்லை? அதற்குக் காரணமானவர் குழாயடியில் நின்று மருந்து கலந்துகொண்டிருந்தார்.

சூசைக்கு அவருடைய வெண்டையும் பயறும் உயிர். கடலில் இருந்த காலத்தில் மண்ணைத் தொட்டதில்லை. அந்தக் குறையை இப்போது தீர்த்துக்கொள்கிறார். ஓர் இலையில் ஓட்டை விழுந்தால் போதும், முதுகில் மருந்து டப்பாவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

"இனி மருந்து அடிச்சா வீட்டுல சோறு கெடையாது," என்றேன்.

"அப்பம் வெண்டக்காய புழு தின்னட்டும்னு சொல்லுதியா?"

"புழு தின்னட்டும். புழுவ குருவி தின்னட்டும். நமக்கு சந்தையில வெண்டக்கா கெடைக்கும்."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் ஒரு பயற்றிலையைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். அதில் பச்சையாக ஒரு புழு நெளிந்தது. "பாத்தியா, நல்ல தடி," என்றார். குரலில் அத்தனை பெருமை. அதைப் போர்ட்டிகோ விளிம்பில் வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆண்குருவி வந்தது, தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்தது, கொத்திக்கொண்டு நட்சத்திரத்துக்குள் போயிற்று.

அதற்குப் பிறகு விடிந்ததும் புழு தேடுவது அவர் வேலையானது. கறிவேப்பிலையில் இருப்பது ருசி, முருங்கைக் கம்பளிப்பூச்சியைக் குருவி சீந்தாது என்றெல்லாம் வருகிறவர் போகிறவருக்கு வகுப்பெடுத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை. பாதி வாழ்க்கை அவர் கடலில், மறுபாதி நான் வளைகுடாவில். அந்தக் காலைகளில் நான் நிறைவாக இருந்தேன்.

குஞ்சுகள் விபூதிப் புதனையொட்டிப் பறந்துபோயின. தவக்காலம் தொடங்கிவிட்டதே, இனியாவது நட்சத்திரத்தை இறக்குவோம் என்று ஸ்டூலைப் போட்டோம். உள்ளே புது வைக்கோல். அதே ஜோடி அடுத்த ஈட்டுக்குத் தயாராகியிருந்தது.

ஆறாம் ஸ்தலம்

எங்கள் ஊரில் பெரிய வெள்ளியன்று காலையில், ஆண்டவர் சிலுவை சுமந்த வழியை நினைத்துச் சிலுவைப்பாதை தெருவழியாகப் போகும். கோயிலில் தொடங்கி, கடற்கரையில் சிலுவை நிற்கும் குருசடியில் முடியும். வழியில் பதினான்கு வீட்டு வாசல்களில் பதினான்கு ஸ்தலங்கள். வீட்டுக்காரர்கள் வாசலில் மேசை போட்டு, வெள்ளை விரித்து, மெழுகுதிரி ஏற்றி வைப்பார்கள். ஊர் வந்து முழங்காலிட்டுச் செபிக்கும். ஆறாவது ஸ்தலம் எங்கள் வீடு. வெரோணிக்காள் ஆண்டவரின் முகத்தைத் துணியால் துடைத்த ஸ்தலம்.

அதைக் கேட்டு வாங்கியவர் என் மாமனார். ஒரு முறை காற்றில் மாட்டி, கட்டுமரம் கவிழ்ந்து, செத்தார் என்று வீட்டில் அழுது முடித்த பிறகு கரை வந்து சேர்ந்த மனிதர். அடுத்த தவக்காலத்தில் கோயில் பங்குச்சாமியாரிடம் போய் நின்று, ஒரு ஸ்தலம் என் வாசலில் வேண்டும் என்று கேட்டாராம். அவர் காலமான பிறகு அங்கே செபம் வாசிப்பவர் அவருடைய மூத்த மகள், என் நாத்தனார் ரோசம்மை மைனி.

மைனி எங்களுக்கு அடுத்த வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பிமாரை வளர்த்தார், அப்புறம் கோயிலே கதி என்று இருந்துவிட்டார். புனிதர் சிலைகளான சுரூபங்களின் துணி துவைப்பது, பீடத்தில் பூ வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் இது என்னுடையது என்று அவர் சொல்லிக்கொள்வது அந்த ஆறாம் ஸ்தலத்தை மட்டும்தான். ஒரு பக்கச் செபம். வருஷத்துக்கு ஒரு முறை. அதற்காகத் தவக்காலம் முழுக்கத் தொண்டைக்குக் கருப்பட்டியும் மிளகும் போட்டுக் குடிப்பார்.

தவக்காலத்தில் எங்கள் வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்குவது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

"ஏட்டி பிலோ, ஆண்டவரு பாடுபடுத நேரத்துல உங்க வீட்டுல மட்டும் இன்னும் பெறக்கல்லியா?" என்று தினமும் மதிலுக்கு மேல் தலையை நீட்டிக் கேட்பார். நானும் சிரித்து மழுப்புவேன்.

பெரிய வெள்ளிக்கு முந்தின குருத்தோலை ஞாயிறு நெருங்கியபோது கிளீட்டஸ் வந்தான். கோயிலைச் சேர்ந்த எங்கள் தெருக் குழுவான அன்பியத்தின் தலைவன். நல்லவன்தான். ஆனால் தலைவன் ஆன பிறகு சிரிப்பதைக் குறைத்துக்கொண்டான். மைனியும் அந்நேரம் எங்கள் வீட்டில் இருந்தார்.

"எக்கா, ஒண்ணு சொன்னா வருத்தப்படப்பிடாது," என்று தொடங்கினான். "பெரிய வெள்ளி அன்னைக்கு இந்த ஸ்டாருக்க கீழ எப்பிடி குருச நிப்பாட்ட? கூட்டத்துல எல்லாரும் பேசிட்டாவ. ஒண்ணு, இத மாத்துங்க. இல்லேண்ணா இந்த வருசம் ஆறாம் ஸ்தலத்த எதுத்த வீட்டுல வைக்கலாம்னு இருக்கோம்."

"அதுக்குள்ள முட்டை பொரிஞ்சு கெடக்கு, கிளீட்டசு," என்றேன்.

"குருவி தானக்கா?"

அந்த 'தான்' எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மைனியின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார். எதிர்த்த வீடு கிளீட்டஸின் மச்சான் வீடு என்பதைக்கூட அவர் சொல்லிக்காட்டவில்லை. மைனி சண்டை போடாமல் போனால் காரியம் கைமீறிவிட்டது என்று அர்த்தம்.

அன்று சூசை புழு தேடப் போகவில்லை. "ஸ்தலம் போச்சுண்ணா அக்கா தாங்கமாட்டா. ஒருக்கா போனா பின்ன திரும்பி வராது," என்றார்.

எனக்குத் தெரியாதா? கூட்டை அப்படியே எடுத்துக் கலயத்தில் வைத்தால் என்ன என்று யோசித்தேன். உள்ளே எட்டிப் பார்த்தேன். இறகு முளைக்காத, கண் திறக்காத, தோலும் சதையுமான உயிர்கள். இடம் மாறினால் தாய் வராமலே போகலாம். பிரசவ வார்டில் வேலை பார்த்த எனக்கு அந்த யோசனையைத் தொடர முடியவில்லை. ஒரு பக்கம் இந்தக் குஞ்சுகள், மறுபக்கம் மைனியின் ஸ்தலம். எதை விட்டாலும் நான் நிம்மதியாகத் தூங்கப்போவதில்லை.

ஊதாச் சேலை

மறுநாள் உச்சிவெயிலில் மைனி வந்தார்.

"காட்டு," என்றார்.

"எத மைனி?"

"எதுக்காக எங்க அப்பனுக்க ஸ்தலம் போகப்போவுதுண்ணு நானும் ஒருக்கா பாக்கட்டும்."

அவரை ஸ்டூலில் ஏற்ற முடியாது. நான் ஏறி, செல்போனை நட்சத்திரத்துக்குள் நீட்டி வீடியோ எடுத்தேன். போன் வெளிச்சம் பட்டதும் தாய் வந்துவிட்டதென்று நினைத்து எல்லாக் குஞ்சும் வாயைப் பிளந்தன. மைனி போனைக் கையில் வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மறுபடியும் ஓட்டச் சொன்னார்.

"வாய் மட்டும் தான இருக்கு," என்றார் மெதுவாக. "வேற ஒண்ணையும் காணல்ல."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டிலிருந்து தையல் மெஷின் சத்தம் கேட்டது.

சாயங்காலம் திரும்பி வந்தபோது கையில் ஊதா நிறத்தில் ஒரு துணி. பார்த்ததும் தெரிந்துவிட்டது. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மட்டும் உடுத்துகிற அவருடைய பருத்திச் சேலை. அதை வெட்டி, உறை மாதிரித் தைத்திருந்தார்.

"கோயில்ல இப்பம் எல்லா சுரூபத்தையும் ஊதாத் துணி போட்டு மூடியாச்சு. மாதாவையே மூடியிருக்கோம். இந்த நட்சத்திரத்த மூடப்பிடாதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மைனிக்கு அழுகை பிடிக்காது என்பதால் அடக்கிக்கொண்டேன்.

"அதுகளுக்கு வழி விட்டுருக்கேன், பாரு," என்று ஒரு பக்கத்தில் மடித்துத் தைத்திருந்த வாயைக் காட்டினார். "ஆனா எப்பிடி கெட்டணும்னு எனக்கு தெரியாது. நீயாக்கும் நர்சு."

ஒரேயடியாக மூடினால் குருவி மிரளும் என்று எனக்குப் பட்டது. அதனால் முதல் நாள் பின்பக்கத்தை மட்டும் மூடிக் கட்டினோம். மறுநாள் கீழ்ப்பக்கம். வேலையெல்லாம் இரண்டு குருவியும் இரை தேடப் போகிற நேரத்தில். நான் ஸ்டூலில், மைனி கீழே நின்று, "பைய, பைய, ஆட்டாத" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்வார். கூட்டில் கை படாமல், பல்பு அசையாமல், தீக்காயத்துக்குக் கட்டுப்போடுகிற மாதிரி சுற்றினேன்.

முன்பக்கம் மூடியதுதான் பயங்கரம். தாய்க்குருவி புழுவோடு வந்தது. துணியைப் பார்த்தது. திரும்பிப் போய்க் கம்பியில் உட்கார்ந்தது. மறுபடி வந்தது, மறுபடி போயிற்று. உள்ளே குஞ்சுகள் கத்துகின்றன. அவிழ்த்துவிடலாமா என்று நான் எழுந்தேன். மைனி என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. செபமாலை முடிவதற்குள் ஆண்குருவி நேராக வந்து, மடிப்பில் தொற்றி, எதுவும் நடக்காதது போல உள்ளே நுழைந்தது. அதன் பின்னாலேயே பெண்ணும் போயிற்று.

"ஆம்பளைக்கு அறிவு கொஞ்சம் கூடுதலாக்கும்," என்றார் சூசை.

"பசி கூடுதலா இருக்கும்," என்றார் மைனி.

கிளீட்டஸ் வந்து பார்த்தான். நான்கு பக்கமும் சுற்றி வந்தான்.

"துணி போட்டாலும் உள்ள ஸ்டார் தான சித்தி?" என்று மைனியிடம் கேட்டான்.

"கோயில்ல துணிக்குள்ள என்ன இருக்கு கிளீட்டசு? மாதா தான? அங்க போயி நீ கேப்பியா?"

அவன் ஆறாம் ஸ்தலம் எங்கள் வாசலிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

பெரிய வெள்ளி

வெயில் ஏறுவதற்குள் முற்றம் பெருக்கி, மேசை போட்டு, வெள்ளை விரித்தோம். மைனி வெளுத்த சாம்பல் நிறச் சேலையில் வந்தார். பெரிய வெள்ளியன்று அவரை ஊதா அல்லாத உடையில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. 

குஞ்சுகளுக்கு இறகு வந்திருந்தது. பறக்கப் போகிற வயது, அதனால் பசியும் அதிகம். சூசை விடியற்காலையிலேயே கிடைத்த புழுவையெல்லாம் போர்ட்டிகோ விளிம்பில் அடுக்கி, "ஊரு வருததுக்கு முன்ன வயிறு நெறச்சுக்கோங்க" என்று குருவிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தெருமுனையில் ஒலிபெருக்கி கேட்டது. ஒப்பாரி ராகத்தில் பாடிக்கொண்டு ஊர் வந்தது. முன்னால் பெரிய மரச்சிலுவை. எங்கள் தெருவில் அதைச் சுமக்கும் முறை கிளீட்டஸுக்கு. வியர்த்து வழிய வந்து, போர்ட்டிகோவின் முன் தூணருகே நின்றான். பின்னால் தெரு நிறைய ஆட்கள். சிலர் மூடிய நட்சத்திரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். இன்னும் சிலர் முழங்கையால் பக்கத்திலிருப்பவரை இடித்துக் காட்டினார்கள். பிறகு எல்லோரும் மணலில் முழங்காலிட்டார்கள்.

மைனி மைக்கைப் பிடித்து வாசிக்கத் தொடங்கினார். அந்த வயதிலும் கணீரென்ற குரல். தாளைப் பார்க்க அவசியமே இல்லை, மனப்பாடம்.

அப்போதுதான் நான் கவனித்தேன். கிளீட்டஸ் நிறுத்திப் பிடித்திருந்த சிலுவையின் ஒரு கை, நட்சத்திரத் துணியின் வாயை நேராக மறித்திருந்தது. தாய்க்குருவி வந்தது. இறக்கையை அடித்துக்கொண்டு ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. கம்பிக்குத் திரும்பியது. அலகில் புழு. மறுபடி வந்தது. வழியில்லை. உள்ளே குஞ்சுகள் அலறத் தொடங்கின. ஊர் மௌனமாக இருந்ததால் அந்தச் சத்தம் தெருவுக்கே கேட்டது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

எழுந்துபோய்ச் சொன்னால் மைனியின் செபம் கெடும். அவர் வருஷம் முழுக்கக் காத்திருந்த ஒரே பக்கம் அது. சொல்லாவிட்டால் அந்தத் தாய் மிரண்டு ஒரேயடியாகப் போய்விடலாம். முழங்காலில் நின்றபடி சூசையைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைனியின் குரல் நின்றது.

வாக்கியத்தின் நடுவில் நின்றது. மறந்துவிட்டார் என்று முன்வரிசைப் பெண் ஒருத்தி அடுத்த வார்த்தையை மெதுவாக எடுத்துக் கொடுத்தாள். மைனி அவளைப் பார்க்கவில்லை. கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைக்கை வாயிலிருந்து விலக்கவும் தோன்றவில்லை அவருக்கு. அவர் அடுத்துச் சொன்னது கோயில் வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஏலே கிளீட்டசு, குருசக் கொஞ்சம் சாச்சுப் பிடி மக்கா. அந்தத் தாய்க்கு வழி விடு."

கிளீட்டஸ் பதறிப்போய்ச் சிலுவையைச் சாய்த்தான். யாரும் சிரிக்கவில்லை. தெரு முழுக்க முழங்காலில் நின்ற ஊர், தலையைத் தூக்கிக் கம்பியைப் பார்த்தது. குருவி எல்லோரையும் ஒரு முறை பார்த்தது. பிறகு இறங்கி வந்து, ஊதாத் துணியின் மடிப்பில் தொற்றி, உள்ளே போயிற்று.

குஞ்சுகளின் சத்தம் அடங்கும்வரை மைனி பொறுத்திருந்தார். அதன் பிறகு, விட்ட வார்த்தையிலிருந்து செபத்தைத் தொடர்ந்தார்.